தனக்குத் தானே மேலதிகாரி

"இன்னும் எழுதிக்கிட்டே இருக்கா?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஆமா சார்."

"இப்ப எந்த ஆளு?"

"அதே ஆளுதான் சார். நீங்க காப்பி குடிக்கப் போனப்ப இருந்த அதே ஆளு."

மேனேஜர் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். எழுத்துகள் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. 'இருக்கை: ஜன்னலோரம், மேலதிகாரி:' என்று ஒரு வரி வரும். உடனே ஓர் அடைப்புக்குறி திறக்கும். அதற்குள் மறுபடி 'இருக்கை: ஜன்னலோரம், மேலதிகாரி:' என்று வரும். உடனே இன்னோர் அடைப்புக்குறி திறக்கும். திறந்தவற்றில் ஒன்றுகூட மூடுகிற வழியாகத் தெரியவில்லை.

"என்னம்மா இது, எங்க மாமனார் மாதிரி சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கு?"

"கொஞ்ச நேரம் பாக்கலாம் சார். இல்லேன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த 'அப்புறம்' என்ற சொல்லால்தான் அவளுக்கு ஆபீஸ் முழுக்க 'அப்புறம் மேடம்' என்று பெயர். மெத்தை தயாரிக்கிற கம்பெனி அது. அதன் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கென்று இருந்த ஒரே ஆள் அவள். பிரின்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான், முதலாளியின் செல்போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்தாலும் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் எந்த வேலையிலும் கடைசி முடிச்சை மட்டும் போட மாட்டாள். அதை அப்புறம் போடலாம் என்று வைத்துவிடுவாள். அந்த ஆபீஸ் முழுக்க அவள் போடாமல் விட்ட முடிச்சுகளின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மட்டும் அப்புறத்துக்கு இடமில்லை. இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இருந்த ஊரில், அவளுடைய தங்கச்சியைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

அம்மா அப்பா இல்லாத வீடு. அக்கா தலை வாரிவிட்டு, அக்கா சோறு ஊட்டி வளர்ந்த தங்கச்சி. அவள் கல்யாணத்துக்கு இந்த அக்கா, 'ஒரு சின்ன வேலை, முடிச்சிட்டு வந்துடறேன்' என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுப் பந்தியே முடிந்திருந்தது. போட்டோவுக்கு மட்டும் நிற்க முடிந்தது. அதிலும் கண்ணை மூடியிருந்தாள். தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும், சொல்லாததுதான் இன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான், 'குழந்தையை முதல்ல என் கையிலதான் குடுக்கணும்' என்று மாதக்கணக்காக ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி சொல்லிவைத்திருந்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "புது சிஸ்டம் இன்னைக்கு ஓடட்டும்மா. ஓடின நிமிஷம் உன் லீவுல கையெழுத்து" என்றார்.

லீவு இல்லாமல் ஓடிவிடவும் முடியாது. வேலை நேரத்தில் லீவு அனுமதி இல்லாத முகத்தைப் பார்த்தால் வாசல் கதவு திறக்காது. அப்படி ஒரு விதியை எழுதிக் கதவுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதியும் அவள்தான்.

வாசல் கதவு, லிஃப்ட், சீட்டுக்கு மேல் விளக்கு, காப்பி மெஷின், லீவு எல்லாவற்றையும் ஒரே சிஸ்டம் பார்த்துக்கொண்டது. சீட்டில் உட்கார்ந்தால் விளக்கு எரியும். காப்பி மெஷின் முன்னால் நின்றால் வாய் திறப்பதற்குள் உங்கள் காப்பி வந்துவிடும். இதற்காகப் பழைய சிஸ்டத்துக்குள் ஒவ்வொரு ஊழியரும் ஓர் ஆப்ஜெக்ட்டாக இருந்தார்கள். முகம், முகவரி, சீட், காப்பி, மேலதிகாரி எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டையை அப்படியே தூக்கிப் புது சிஸ்டத்தில் வைக்க முடியாது. வீடு மாற்றும்போது கட்டிலைக் கழற்றுவதுபோல் கழற்றி, எதற்குள் எது என்று அடைப்புக்குறி போட்டு, வெறும் எழுத்தாக எழுதிவைக்க வேண்டும். இதற்கு சீரியலைஸ் என்று பெயர். புது சிஸ்டம் அந்த எழுத்தைப் படித்து ஆளை மறுபடி பூட்டி நிறுத்தும். அது டீசீரியலைஸ். கழற்றும்போது எழுதாமல் விட்டது பூட்டும்போது இருக்காது.

மேலதிகாரி என்ற இடத்தில் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகும் புத்தி அவளுடைய புரோகிராமுக்கு இல்லை. மேலதிகாரியின் மூட்டையையே அங்கே பிரித்து எழுதும். அதற்குள் அவருடைய மேலதிகாரி, அவருக்குள் அவருடைய மேலதிகாரி. இதைச் சுருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், அப்புறம் செய்யலாம் என்று விட்டிருந்தாள். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் முதலாளியிடம் வந்து முடியும். முதலாளிக்கு மேலே ஆள் கிடையாது, அந்த இடம் காலி. காலியைக் கண்டதும் அடைப்புக்குறிகள் வரிசையாக மூடிக்கொள்ளும்.

ஜன்னலோர ஆசாமிக்கு மேலதிகாரியாக அவரே இருந்தார்.

"அவருக்கு மேல அவரேவா?" என்று மேனேஜர் வாயைப் பிளந்தார். "குடுத்து வச்ச ஆளு."

"யாரு சார் அது?"

"எனக்கென்னம்மா தெரியும்? என்னைவிட சீனியரா இருக்கும்."

ஹாலின் கோடியில், சாம்பிள் தலையணைகள் அடுக்கிய அலமாரிக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி ஒரு சீட் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் மேல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வயரிங் கோளாறு என்று எலெக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள்.

மேசையில் தூசி இல்லை. ஆபீஸைத் துடைக்கிறவர் தலையணை அலமாரியைத் தாண்டுவதே இல்லை என்பது ஊரறிந்த விஷயம். நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. மெத்தைக் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்கார்ந்தவர் எழுந்துவிட்டால் மெத்தை மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். அவள் நின்று பார்த்தாள். அது மேலே வரவில்லை.

அவள் வேகமாகத் திரும்பி வந்தாள். ஓடி வந்தாள் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள்.

"யாராவது டெஸ்டுக்குப் போட்ட ஆளா இருக்கும். தூக்கிடு" என்றார் மேனேஜர்.

நீக்கும் பொத்தானைத் தட்டினாள். 'மேலதிகாரியின் சம்மதம் கேட்கப்படுகிறது' என்றது திரை. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் திணறுகிற நேரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது யாரோ யோசிக்கிற நேரம் மாதிரி இருந்தது.

'மேலதிகாரி மறுத்துவிட்டார்.'

"யாரு மறுத்தது?" என்றார் மேனேஜர் மெதுவாக.

"அவர்தான் சார்."

"அவரைத் தூக்கறதுக்கு அவர்கிட்டயே கேட்டா எப்படிம்மா ஒத்துக்குவாரு?" மேனேஜர் நியாயத்தைத்தான் பேசினார். ஆனால் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பாமலே பேசிக்கொண்டார்கள்.

அவள் இன்டர்காமில் வாசல் காவலாளியைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஜன்னலோர சீட்ல இருக்கறவரை நீங்க பாத்திருக்கீங்களா?"

"உள்ள போனதைப் பாத்த ஞாபகம் இல்ல மேடம்" என்றார் காவலாளி. சற்று யோசித்தார். "ஆனா வெளிய வந்ததை சத்தியமா பாத்ததில்ல."

செல்போன் அடித்தது. தங்கச்சி.

"அக்கா, கிளம்பிட்டியா? சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்னு டாக்டர் சொல்றாங்க."

"இதோ, ஒரு சின்ன வேலை..."

அந்தப் பக்கம் பேச்சில்லை. கல்யாணத்தன்று இருந்த அதே பேச்சில்லாமை.

"வந்துடுவேன்டி. கண்டிப்பா. குழந்தையை முதல்ல..."

"உன் கையிலதான். நர்ஸ் அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பயமா இருக்குக்கா. நீ வா."

அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதல் வைத்தியம் சுலபமானது. ஒருவர் தனக்குத் தானே மேலதிகாரியாக இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடு என்று புரோகிராமுக்குச் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், திறந்து கிடந்த அடைப்புக்குறிகள் மளமளவென்று மூடிக்கொண்டன. எல்லா ஊழியர்களும் எழுத்தாகி, புது சிஸ்டத்துக்குப் போய், மறுபடி ஆளாகி எழுந்தார்கள். ஹாலில் கை தட்டினார்கள். மேனேஜர் லீவுக்குக் கையெழுத்துப் போட விரலை மடக்கிச் சொடுக்கு எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் முதலாளியின் சத்தம் கேட்டது.

"என் ரூமு என்னைத் தெரியாதுங்குதேய்யா!"

மேலே யாரும் இல்லாதவர்தான் முதலாளி என்பது புது சிஸ்டத்தின் விதி. இப்போது அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அது கடைசியாகப் படித்தவரை எடுத்துக்கொண்டது. லிஃப்ட் அவர்கள் மாடிக்கு வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்காகவோ மரியாதையாகக் காத்து நின்றது. ஜன்னல் வரிசை விளக்குகள் எல்லாம் ஒன்றுவிடாமல் எரிந்தன. எல்லார் திரையிலும் 'முதலாளியின் செய்தி' என்று ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மேனேஜர் பழக்கதோஷத்தில் 'அப்படியே செய்துவிடுகிறேன் சார்' என்று பதில் போட்டுவிட்டார்.

நிஜ முதலாளி வேறு வழியில்லாமல் நடையில் கிடந்த சாம்பிள் மெத்தையில் உட்கார்ந்தார். தலை சாய்ந்தால் தூக்கம் நிச்சயம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தவர். சாய்ந்தார். விளம்பரம் பொய்யில்லை என்று கொஞ்ச நேரத்தில் குறட்டை சாட்சி சொன்னது.

"எழுந்தா என்னைக் கொன்னுடுவாரும்மா!" மேனேஜர் கையைப் பிசைந்தார். "அந்த ஆளுக்கு மேல யாரையாவது போடு. என்னைப் போட்டுடாத!"

"நான் என்னையே போட்டுக்கறேன் சார்" என்றாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. யோசித்து ஆள் பிடிக்க நேரமில்லை.

போட்டாள். முதலாளி என்று நினைத்தபோது விவரம் கேட்காமல் விட்ட புது சிஸ்டம், சாதாரண ஊழியர் என்றதும் ஒத்துக்கொள்ளவில்லை. 'முகம் காலி. முகவரி காலி. காப்பி காலி. உறவினர் காலி. காலியாக இருக்கக் கூடாது' என்று வரிசையாகச் சொன்னது. பழைய சிஸ்டம் எதையும் கேட்காத அப்பாவி. ஒரு சீட்டையும் ஒரு மேலதிகாரியையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அதில் இத்தனை நாள் குடியிருந்திருக்கிறார். முகம்கூட இல்லாமல்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதனைக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் சொந்த விவரத்தையே எடுத்துப் போட்டுவிடுவார்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் தான்தானே! அவளும் அதைத்தான் செய்தாள். படிக்கும்போது எது காலியாக இருந்தாலும் என் மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுதினாள். ஒட்டுப் போட்ட இடத்தில், 'அப்புறம் எடுக்க வேண்டும்' என்று தனக்கு ஒரு குறிப்பும் எழுதிவைத்தாள். அப்படிப்பட்ட குறிப்புகள் அவளுடைய புரோகிராம்களில் மண்டிக் கிடந்தன.

இந்த முறை ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஜன்னலோர ஆசாமி சமர்த்தாக எழுந்து நின்றார். முதலாளியின் அறைக்கதவு 'டக்' என்று திறந்தது. அந்தச் சத்தத்தில் முதலாளி விழித்துக்கொண்டு, மெத்தையைத் தட்டிப் பார்த்து, "நல்ல சரக்குதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அப்பாடா!" என்றார் மேனேஜர். "உன் காப்பி ரெடியா இருக்கும்மா மெஷின்ல. போய்க் குடி, ஆறிடப்போகுது."

"நான் மெஷின் பக்கமே போகலையே சார்."

"சர்க்கரை இல்லாம, தார் மாதிரி. உன்னைத் தவிர இந்த ஆபீஸ்ல யாரு அதைக் குடிப்பா?"

அந்த மெஷின் தினமும் யாரும் நிற்காதபோது தானாக ஒரு கப் வெந்நீர் பிடித்து வைக்கும். தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இன்றைக்கு வெந்நீருக்குப் பதில் காப்பி. அவள் போய்ப் பார்த்தபோது கப்பைக் காணோம். மேடை மேல் கப் வைத்திருந்த ஈர வளையம் மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது.

சீட்டுக்குத் திரும்பினால் திரை நிறைய விண்ணப்பங்கள்.

எல்லாம் ஜன்னலோர சீட்டிலிருந்து. எல்லாம் லீவு கேட்டு. ஒவ்வொரு வேலை நாளும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார் அந்த மனிதர். அது மேலதிகாரியிடம் போயிருக்கிறது, அதாவது அவரிடமே. தன் லீவைத் தானே அனுமதிக்கக் கூடாது என்ற விதியில் முட்டி, அங்கேயே நின்றுவிட்டிருக்கிறது. மறுநாள் மறுபடி கேட்டிருக்கிறார். அவருக்கு மேலே வேறு ஆள் வந்ததும், நின்றதெல்லாம் மொத்தமாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

காரணம் என்ற இடத்தை அவர் நிரப்பியதே இல்லை. இப்போது ஒவ்வொன்றிலும் 'தங்கைக்குப் பிரசவம்' என்று இருந்தது. செல்லும் இடம் என்பதில் தங்கச்சியின் ஆஸ்பத்திரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலியாக இருந்ததால் தன்னுடைய காரணம் போய் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அத்தனை விண்ணப்பங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்தபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யாரோ என்னவோ, பாவம். இத்தனை நாளாக வீட்டுக்குப் போகக் கேட்டிருக்கிறது. ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

"இது எதுவும் பாக்கி நிக்கக் கூடாதும்மா" என்றார் மேனேஜர் தோளுக்குப் பின்னாலிருந்து. "பாக்கி இருந்தா அடுத்த வேலைக்கே போக விடாது."

"குடுத்துடவா சார்?"

"குடு, குடு. இல்லாத ஆளு லீவுல போனா கம்பெனிக்கு என்ன நஷ்டம்?"

கடைசியாக வந்ததைத் திறந்து, 'அனுமதி' என்பதைத் தட்டினாள். மற்றவை தாமாக அழிந்தன.

ஹாலின் கோடியில் விளக்கு அணைந்தது.

எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். அந்த விளக்கு அணைந்து யாரும் பார்த்ததில்லை. அவள் எழுந்து, தலையணை அலமாரியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நாற்காலியின் மெத்தை மெல்ல, மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு கீழே இறங்கியது.

"வயரிங் சரியாயிடுச்சு" என்றார் மேனேஜர்.

லீவுத் திரை அவளுக்குத் திறக்க இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தைக் காட்டி, கதவு திறக்கிறதா, காப்பி சரியா என்று பார்த்தாக வேண்டும். கணக்குப் பிரிவுக்காரர் தாடி எடுத்துவிட்டு வந்திருந்ததால் கதவு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விற்பனைப் பிரிவுப் பெண், "என் போட்டோ நல்லா இல்ல, மாத்திக் குடுத்தாத்தான் முகம் காட்டுவேன்" என்று அடம் பிடித்தாள். மத்தியானம் முழுக்க இதிலேயே போனது. இடையில் இரண்டு முறை தங்கச்சிக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை.

கடைசி ஆள் முகம் காட்டி முடித்ததும் மேனேஜர் அவள் விண்ணப்பத்தைத் திறந்து, சொடுக்கு எடுத்த விரலால் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன சார்?"

"ஏற்கெனவே குடுத்தாச்சுங்குது. இதே முகம், இதே காரணம், இதே ஊரு, காலைலயே குடுத்தாச்சாம். நான் குடுக்கலையே?"

"எப்படியோ குடுத்துடுச்சு இல்ல சார்?"

"அது சரி. கிளம்பு, கிளம்பு. குழந்தை என்னன்னு எனக்கும் சொல்லு."

பையை எடுத்தாள். அப்போது அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. ஒட்டு. எடுத்துவிட்டுப் போனால் என்ன? ஒரு நிமிட வேலை. கை கீபோர்டு வரை போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படியில் தடதடவென்று இறங்கி, வாசல் கதவுக்கு முன்னால் முகத்தைக் காட்டினாள். கதவு அசையவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினாள்.

"என்ன மேடம், எதையாவது மறந்துட்டுப் போய் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டபடி காவலாளி எழுந்து வந்தார்.

"வெளிய போகணும் அண்ணே. லீவு குடுத்தாச்சு. திறக்க மாட்டேங்குது."

அவர் தன் திரையில் குனிந்து பார்த்தார். "குடுத்ததாத்தான் காட்டுது மேடம். ஆனா நீங்க காலைலயே வெளிய போயிட்டீங்களே?"

"நான் இங்க நிக்கறேன்!"

"அதைத்தான் நானும் பாக்கறேன்." காவலாளி தலையைச் சொறிந்தார். "போனவங்களுக்கு உள்ளேர்ந்து கதவு திறக்காதே. ஒருத்தர் முகத்துல இன்னொருத்தர் போயிடுவாங்கன்னு நீங்கதானே மேடம் அப்படி எழுதி வச்சீங்க."

"சாவி போட்டுத் திறங்க."

"சாவி வேண்டாம்னு எடுத்ததும் நீங்கதான்."

வாதாட அவளுக்கு வழியில்லை. ஆபீஸில் அன்றைக்கு அவளைக் கட்டிப்போட்டதெல்லாம் அவள் கைவேலையாகவே இருந்தது. காவலாளிக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும். "இருங்க, உங்க முகத்துக்கு வேற ஏதாவது காட்டுதான்னு பாக்கறேன்" என்று மறுபடி குனிந்தார்.

"உள்ள ஒருத்தர் இருக்கறதா காட்டுது மேடம். உங்க முகம்தான். சீட்டு மட்டும் ஜன்னலோரம்னு இருக்கு."

"ஐயோ, அது நான் போட்ட ஒட்டு அண்ணே. என் விவரத்தை... சரி, அந்த ஆளாவே என்னை வெளிய விடுங்க. அவருக்குத்தான் நானே லீவு குடுத்தேனே?"

"அந்த லீவு தீந்துபோச்சே மேடம், அதுலதானே நீங்க வெளிய போயிட்டீங்க. உள்ள இருக்கறவருக்குப் புதுசா லீவு வேணும். மேலதிகாரி ஓகே பண்ணினா ஒரு நொடியில திறந்துடும்." காவலாளி விரலால் வரியைத் தேடிப் படித்தார். படித்தவர் நிமிர்ந்து அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மேலதிகாரின்னு போட்டு, உங்க முகமே வருது. தன் லீவைத் தானே குடுத்துக்க முடியாதே மேடம்."

மாடியில் ஏதோ 'டக்' என்றது. விளக்கு எரிகிற சத்தம். எந்த சீட்டு விளக்கு என்று அவள் கேட்கவில்லை.

தங்கச்சிக்குப் போன் போட்டாள். எடு, எடு என்று முணுமுணுத்தாள். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வந்துவிடுவேன், இந்த முறை நிச்சயமாக வந்துவிடுவேன், எனக்காகக் காத்திரு என்று சொல்ல வேண்டும். போனை வேறு யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கதவு, சிஸ்டம், ஜன்னல் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின. நின்ற இடத்தில் அழுதுவிட்டாள்.

"நான் நர்ஸ் பேசறேங்க. பொண்ணு பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. நீங்க யாரு?"

"நான்... நான் அக்கா பேசறேங்க. குழந்தையை யார்கிட்டயும் குடுத்துடாதீங்க, நான் வந்துக்கிட்டே இருக்கேன்!"

நர்ஸ் சிரித்தாள். "விளையாடாதீங்க, அக்கா மத்தியானமே வந்துட்டாங்களே! குழந்தையை முதல்ல அவங்க கையிலதான் குடுத்தேன்."